காலஞ்சென்ற கண்ணுசாமி மனைவி செவ்வந்தி

வேலைக்கு பயோடேட்டா அடிக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் டைப் மெஷினோடு உட்கார்ந்த நாளிலிருந்து நான் பார்த்துவரும் உண்மை இது. பேர், தகப்பனார் பேர், ஊர், இந்த மூன்றும் தடையில்லாமல் வரும். என்ன வேலை தெரியும் என்று கேட்டுவிட்டால் போதும், ஆள் தலையைச் சொறிய ஆரம்பித்துவிடுவான். கடைசியில், "எது சொன்னாலும் செய்வேங்க பாய்" என்பான்.

பண்ணையில் வேலை பார்த்த குடும்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கு இதை விட்டால் வேறு பதில் கிடையாது. அவர்களுடைய அப்பனும் பாட்டனும் மிராசுதார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்ன பதில் அது. அங்கே அதுதான் நல்ல பதில். துபாய்க்காரனிடம் அது செல்லாது. எது சொன்னாலும் செய்கிறவனை அவன் எதற்குமே எடுக்க மாட்டான். அவனுக்குக் கொத்தனார் என்றால் கொத்தனார், டிரைவர் என்றால் டிரைவர். "ஒன்னைச் சொல்லு, அதைத் தலைப்புலயே சொல்லு, மிச்சத்தை ஒன் பொண்டாட்டிகிட்ட சொல்லிக்க" என்று சத்தம் போடுவேன். சிடுசிடு பாய் என்று எனக்குப் பேர். அப்துல் அஜீஸ் என்று வாப்பா வைத்த பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. ஆனாலும் நான் அடித்துக் கொடுத்த தாளோடு போனவர்கள் நன்றாகவே போய்ச் சேர்ந்தார்கள், என் தம்பி கலந்தர் உட்பட. எல்லாரையும் வண்டியேற்றிவிட்டு நானும் மெஷினும்தான் மிச்சம் என்று சில சாயங்காலங்களில் தோன்றும்.

செவ்வந்தி என் கடைக்கு வந்தது எண்பத்திரண்டாம் வருஷம். பள்ளிக்கூடங்களில் சத்துணவு வரப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஒவ்வொரு பள்ளிக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆள் எடுத்தார்கள். அமைப்பாளருக்குத்தான் பெரிய படிப்பு வேண்டும், சமையலருக்குச் சமைக்கத் தெரிந்தால் போதும். விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை. வெள்ளைத்தாளில் முழு விவரத்தோடு மனு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதால் என் கடை வாசலில் பெண்கள் கூட்டம் நெரிந்தது.

மற்ற பெண்கள் அண்ணனோடோ மாமியாரோடோ வந்து, நான் கேட்டதற்கெல்லாம் இரண்டு பேராகச் சேர்ந்து பதில் சொன்னார்கள். இவள் ஒண்டியாக வந்து, கூட்டம் கலைகிற வரைக்கும் எதிர்ச் சுவரோரம் நின்றாள். முப்பதைத் தாண்டிய வயது. நெற்றியில் பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு. ஊர் புளியடிமங்கலம், கீழத்தெரு.

"பேரு?"

"செவ்வந்திங்க. சமையல் வேலைக்கு மனு எழுதணும்."

"படிப்பு?"

"அஞ்சாவது. பேப்பர் படிப்பேங்க பாய்."

"வீட்டுக்குச் சமைக்கிறது எல்லாருக்கும்தான் தெரியும். இது பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க அத்தனை பேருக்கும் ஆக்கணும். பெரிய அடுப்புல நின்ன பழக்கம் உண்டா?"

"இல்லைங்க" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எது சொன்னாலும் செய்வேங்க" என்றாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அந்த ஒரு வார்த்தையை மட்டும் இந்தக் கடையில சொல்லாதம்மா. நல்லா யோசி. ஊரு கூடுற எடத்துல எப்பவாவது ஆக்கிப் போட்டிருக்கியா?"

"கஞ்சித் தொட்டியில காச்சியிருக்கேன். அதெல்லாம் வேலையில சேருமாங்க?"

எழுபத்தொன்றாம் வருஷத்து அறுவடையின்போது அவர்கள் ஊரில் நடந்த சண்டை எனக்கும் ஓரளவு தெரியும். கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டுச் செங்கொடி சங்கத்துக்காரர்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார்கள். வேலையில்லாமல் கீழத்தெருவே பட்டினி கிடந்தபோது சங்கம் வீட்டுக்கு வீடு தானியம் வாங்கி ஒரே இடத்தில் கஞ்சி காய்ச்சியது. அந்த அடுப்பில் நின்றவள் இவள். ஒரு முழுத் தெருவுக்கு, தினம் இரண்டு வேளை, அடிப்பிடிக்காமல், யாருக்கும் குறையாமல். இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. போராட்டம் என்ற சொல் வந்தால் தேர்வுக் குழுவில் யாராவது முகம் சுளிப்பார்கள் என்பதால், "பொது நிகழ்வுகளில் பெருந்திரளானோருக்குத் தொடர்ந்து உணவு சமைத்த அனுபவம்" என்று முதல் வரியாக அடித்தேன். படித்துக் காட்டினேன். தன்னைப் பற்றித்தான் என்று நம்ப முடியாமல் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

அடுத்த வரியில் மாட்டிக்கொண்டோம்.

"புருஷன் என்ன பண்றாரு?"

"ஊர்ல இல்லைங்க."

"எந்த ஊர்ல இருக்காரு?"

"தெரியலைங்க."

புருஷன் பேர் கண்ணுசாமி. வெளியூர் ஆட்கள் வயலில் இறங்கிய அன்றைக்குக் கைகலப்பாகி, மிராசுதாரின் காரியக்காரர் ஒருவருக்கு மண்டை உடைந்தது. போலீஸ் கேஸில் முதல் பேர் கண்ணுசாமியுடையது. அன்றைக்கே சங்கத்துத் தலைவர் வீரையன் அவனை எங்கேயோ அனுப்பிவைத்தார். எங்கே என்று பெண்டாட்டிக்கும் சொல்லக் கூடாது, கட்டளை அப்படி. அடுத்த வருஷமே வீரையன் காய்ச்சலில் போய்விட்டார். கண்ணுசாமி இருக்கிற இடம் அவரோடு போயிற்று. சாட்சிகள் பின்வாங்கி, கேஸும் தள்ளுபடியாகிவிட்டது. ஆள் வரவில்லை. குழந்தையும் இல்லை. மாமியார் ரெங்கம்மாளுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டே வந்தது. இவள் நடவுக்கும் களைக்கும் போய் அந்தக் கிழவியை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வழி சுலபமாகத் தெரிந்தது. "கணவனால் கைவிடப்பட்டவர்னு போட்டுடறேன். முன்னுரிமை வந்துடும். சான்றும் லேசா கெடைக்கும்."

அதுவரைக்கும் தரையைப் பார்த்துப் பேசியவள் நிமிர்ந்தாள். "அப்படிப் போடாதீங்க. அவரு என்னைக் கைவிடல."

"பதினோரு வருஷமா ஒரு தகவல் இல்ல. வேற என்னன்னு சொல்றது?"

"வர முடிஞ்சா வந்திருப்பாரு. விட்டுட்டுப் போற ஆளு இல்ல பாய்."

"அப்போ முன்னுரிமை கெடையாது. புருஷன் இருக்கறவங்களை எல்லாம் கடைசியிலதான் கூப்பிடுவாங்க. வேலை வேணுமா வேணாமா?"

கடுமையாகத்தான் கேட்டேன். எனக்கு மெஷின் ரிப்பனைச் சுற்றுகிற வேலை இருந்தது, சுற்றிக்கொண்டிருந்தேன்.

"விதவைன்னு போடுங்க" என்றாள்.

"என்னது?"

"செத்துட்டாருன்னு போடுங்க. அது விதி. விட்டுட்டுப் போனாருன்னு எழுதினா அது அவரு மேல பழி."

இப்படி ஒரு கணக்கை நான் அதுவரை எந்த மனுவிலும் கண்டதில்லை. உயிரை எடுத்தாலும் எடுப்பாளாம், பேரைக் கெடுக்க மாட்டாளாம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் விரல்கள் அடித்துவிட்டன: காலஞ்சென்ற கண்ணுசாமி மனைவி செவ்வந்தி.

விதவை என்றால் சான்று வேண்டும். கிராம அதிகாரி புதிதாக வந்தவர். இறப்பே பதிவாகவில்லையே என்றார். ஊரில் நாலு பேர் கையெழுத்துப் போட்டு, கருமாதியும் நடந்ததாகத் தெரிந்தால் எழுதித் தருவதாகச் சொன்னார். அவர் தட்டிக்கழிப்பதற்காகச் சொன்னது அது. கீழத்தெருக்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கருமாதிதானே, செய்துவிடுவோம் என்றார்கள். சங்கத்துக் கூட்டத்துக்குத் தேதி வைப்பது போல ஒரு தேதி வைத்தார்கள்.

நானும் போயிருந்தேன். உடல் இல்லாததால் வைக்கோலில் ஒரு ஆள் செய்து, கண்ணுசாமியின் பழைய சட்டையைப் போட்டிருந்தார்கள். பிள்ளை இல்லாத வீடு என்பதால் பங்காளி முறைக்குப் பக்கிரி மொட்டை போட்டுக்கொண்டான். நடப்பது இன்னதென்று தெருவில் எல்லாருக்கும் தெரியும், ரெங்கம்மாள் ஒருத்தியைத் தவிர. உண்மையைச் சொன்னால் கிழவி சம்மதிக்க மாட்டாள் என்று, கேரளாவிலிருந்து சேதி வந்ததாகச் சொல்லிவிட்டார்கள். அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில், நாடகம் என்று தெரிந்து வந்தவர்களும் அழுதுவிட்டார்கள். செவ்வந்தி மட்டும் அழவில்லை. தாலியை அறுக்கும்போது வாகாகக் குனிந்து கழுத்தைக் கொடுத்தாள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

வேலை கிடைத்தது. தேர்வில் ஒருவர், "பொது நிகழ்வுன்னா எதும்மா, மாநாடா?" என்று கேட்டிருக்கிறார். "பட்டினிங்க" என்றாளாம். அதற்குமேல் யாரும் கேட்கவில்லையாம். முதல் சம்பளத்தில் எனக்கு அரைக்கிலோ பூந்தி வாங்கிவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் என் திறமையைப் பத்துப் பேரிடம் சொல்லிப் பெருமையடித்திருப்பேன். நாங்கள் யாரும் நினைக்காத ஒன்று நடந்தது. கருமாதி பொய் என்று தெரிந்து கையெழுத்துப் போட்ட அதே தெரு, கொஞ்ச நாளில் அவளை நிஜமாகவே விதவையாக வைத்துவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வெறும் நெற்றியைத் தினம் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. காலையில் வயலுக்குக் கிளம்புகிறவர்கள் அவள் எதிரே வந்தால் கொஞ்சம் நின்று போனார்கள். பக்கிரி மகள் கல்யாணத்துக்கு அவள்தான் பின்னால் அடுப்படியில் நின்று சமைத்தாள். முகூர்த்த நேரத்தில் எட்டிப் பார்க்க வந்தவளைப் பக்கிரியின் பெண்சாதி கண்ணாத்தாள், "நீ செத்த உள்ள இரு செவ்வந்தி" என்று சொல்லியிருக்கிறாள். எந்த வாய் அப்படிச் சொல்லும்? மொட்டை போட்டவன் வீட்டு வாய். ஒரு மாசக் கடைசியில் என் கடைக்கு வந்தபோது செவ்வந்தியே இதைச் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை.

"அவங்க மேல தப்பில்ல பாய். நெத்தியப் பாத்தா மறந்துபோவுது. எனக்கே மறந்துபோவுது."

பள்ளிக்கூடத்தில் பகல் முழுக்கப் பிள்ளைகளின் இரைச்சல். மணி அடித்து அவர்கள் போன பிறகு அண்டாவைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, வீட்டுக்குப் போக மனமில்லாமல் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பாளாம். வீட்டில் மாமியார் மகனை நினைத்து ஒப்பாரி வைப்பாள். அவன் உயிரோடு இருக்கலாம் என்று சொல்லவும் முடியாது, கூட அழவும் முடியாது.

எண்பத்து மூன்று கடைசியில் ஒருநாள் மத்தியானம் ஒரு ஆள் என் கடை வாசலில் வந்து நின்றான். நரைத்த தலை, காய்ப்புக் காய்ப்பாக உள்ளங்கை. தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தான்.

"பாய், ஒரு பழைய கேஸு. இருக்கா முடிஞ்சுதான்னு தெரிஞ்சுக்கணும். யார்கிட்ட எழுதிக் கேக்கணும்?"

"எந்த ஊரு? யாரு பேர்ல?"

"புளியடிமங்கலம். கண்ணுசாமின்னு பேரு."

என் கையால் சாகடித்த ஆள் என் எதிரே நின்றுகொண்டு விவரம் கேட்கிறான். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கேஸ் எப்போதோ போய்விட்டது என்றேன். பாலக்காட்டுப் பக்கம் கல்குவாரியில் வேறு பேரில் வேலை பார்த்தானாம். "நான் ஆள் அனுப்பினா ஒழிய வரக்கூடாதுன்னு தோழர் வீரையன் சொல்லியிருந்தாரு. ஆள் வரல. அதான் வரல" என்றான். அந்தக் கடைசி வார்த்தைகளை மிகச் சாதாரணமாகச் சொன்னான். போன மாசம் அந்தக் குவாரிக்குப் புதிதாக வந்த நம் பக்கத்து ஆள் ஒருவன் சொல்லித்தான் வீரையன் இறந்ததே அவனுக்குத் தெரியும். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒரு மனுஷன் பன்னிரண்டு வருஷம் கல் உடைத்திருக்கிறான்! செத்துப்போன வீரையன் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மற்றதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மனு, சான்று, கருமாதி, வேலை. அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவனை உள்ளேயே இருக்கச் சொல்லி, கடையைச் சாத்திவிட்டு பஸ் பிடித்துப் புளியடிமங்கலம் போனேன். அவள் சமையல் கூடத்து வாசலில் அண்டா துலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னேன். அவள் கை நின்றது. எங்கே இருந்தார், எப்படி இருக்கிறார் என்று எதையும் கேட்கவில்லை.

"நான் சொன்னேன்ல பாய்" என்றாள். "கைவிடலன்னு சொன்னேன்ல."

பிறகுதான் உடைந்து அழுதாள். சாம்பல் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கருமாதி அன்றைக்கு வராத அழுகை அத்தனையும் சேர்த்து வந்தது.

அன்று சாயங்காலமே அவள் வந்தாள். என் கடைக்குள் தட்டி மறைப்புக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். நான் வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு யாரும் வராமல் பார்த்துக்கொண்டேன். காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

"கருமாதிக்கு யாரு மொட்டை போட்டா?" என்று அவன் கேட்டான்.

"பக்கிரிதான்."

"அவனுக்கு முடியே கெடையாதே. சாப்பாடெல்லாம் போட்டியா?"

"வடை பாயசத்தோட போட்டேன்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்திருக்க வேண்டும், சத்தம் கேட்டது.

"வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். வாங்க, வீட்டுக்குப் போவலாம்" என்றாள்.

"வேலை மட்டும் போவும்னா சரி. பொய்ச் சான்றுன்னு ஒன் மேல கேஸு வரும். கையெழுத்துப் போட்ட நாலு பேரு மேலயும் வரும். கேஸுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். ஒன்னையும் ஓட வுட்டுட்டு நான் என்ன பண்ணுவேன்?"

நான் உள்ளே போய் ஏதாவது வழி சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். என்ன வழி? திருத்தி அடிக்கிற தாளா அது? யாரிடம் எப்படி எழுதினாலும் முதல் வரியிலேயே அவள் பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மாவை மட்டும் ஒரு தடவை பாக்கணும்" என்றான் அவன்.

"பாத்தா அது தெருவையே கூட்டிடும்" என்றாள் அவள்.

அன்றைக்கு அவன் திரும்பிப் போனான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான்தான் கூடப் போனேன். அவள் வரவில்லை. கண்ணுசாமியை அடையாளம் தெரிந்தவர்கள் அங்கே யாராவது இருப்பார்கள். ஏற்றிவிட்டுத் திரும்பியபோது அவள் என் கடைக்குள் இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குத் தோன்றிய ஒரே யோசனையை அப்போது சொன்னேன். என் சொந்த ஊர் நாகூர். தர்காவில் கந்தூரித் திருவிழா நாட்களில் எந்தச் சாதி, எந்த ஊர் என்று கணக்கில்லாமல் ஜனம் வந்து குவியும். அந்தக் கூட்டத்தில் யாரை யாருக்குத் தெரியும்? என் அக்கா ஜன்னத் பீவி வீடு தர்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த கந்தூரிக்கு அவள் நேர்த்திக்கடன் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். நான் போட்ட கடிதத்தைப் பார்த்து அவன் பாலக்காட்டிலிருந்து வந்தான். அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே.

அக்கா சொல்லித்தான் எனக்கு மற்றது தெரியும். வந்ததும் முதல் வேலையாக அவள் கைகால் கழுவி, என் அக்கா வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொள்வாளாம். பூ வாங்கிவர அவனை அனுப்புவாளாம். இரண்டு பேரும் கடற்கரை மணலில் போய் உட்கார்ந்துகொண்டு, சந்தனக்கூடு பார்க்க வந்தவர்கள் போல இல்லாமல், சாமான் விலையையும் கூரை ஒழுகுவதையும் பேசிக்கொண்டிருப்பார்களாம். "என்ன ஜோடிடா தம்பி இது, வருஷத்துக்கு ஒருக்கா பொறந்த வீட்டுக்கு வர்ற மாதிரி வருதுங்க" என்றாள் அக்கா. புறப்படும்போது பஸ் ஏறுவதற்கு முன்னால் அவள் பொட்டை முந்தானையால் துடைப்பாளாம். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பானாம். அந்த இரண்டு கந்தூரிதான் அவள் பிழைப்பில் நல்லது என்று சொல்ல இருந்தது.

மூன்றாவது கந்தூரிக்குக் கொஞ்ச நாள் முன்பு, வெயில் ஏறாத காலைப் பொழுதில், குவாரி ஆள் ஒருவன் என் கடையைத் தேடிக்கொண்டு வந்தான். பேர் பஞ்சநதம், மன்னார்குடிப் பக்கம் ஊர். வெடிவைத்த பாறை சரிந்து கண்ணுசாமி போய்விட்டான் என்றான். அங்கேயே புதைத்தாகிவிட்டது. யாருக்காவது சொல்ல வேண்டும் என்றால் திருத்துறைப்பூண்டியில் டைப் அடிக்கிற பாயிடம் சொல்லு என்று கண்ணுசாமி எப்போதோ சொல்லி வைத்திருந்தானாம். எல்லாருக்கும் முகவரி அடித்துக் கொடுத்த எனக்கு இப்படி ஒரு முகவரியாக இருக்க நேரும் என்று நான் நினைத்ததில்லை.

நான் போனபோது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் கரண்டி இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கடைசிப் பிள்ளைக்குச் சாம்பார் ஊற்றி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். சொன்னேன். தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வச்சாங்க?"

"குவாரிக்குப் பக்கத்துலயே."

சாயங்காலம் அவள் கடைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. வீட்டில் அழுதால் மாமியார் கேட்பாள், தெருவில் அழுதால் தெரு கேட்கும். என் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்காக அழவோ, அவள் தலையைத் தொட்டு ஆறுதல் சொல்லவோ ஒரு பெண் துணை இல்லை. செத்தவனுக்குச் செய்ய வேண்டியது எல்லாம் நாலு வருஷத்துக்கு முன்பே செய்து முடித்தாகிவிட்டது. நான் வெளியே உட்கார்ந்து, ஒன்றும் அடிக்க இல்லாத மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அழுகை வந்தது. அழுதேன்.

கடைசியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் லீவு வேணும் பாய். என்னால நாளைக்கு அடுப்புக்கிட்ட நிக்க முடியாது. லெட்டர் எழுதிக் குடுங்க."

தாளைச் செருகினேன். அனுப்புநர், பெறுநர் எல்லாம் அடித்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் வந்து நின்றேன். இந்தத் தொழிலில் இல்லாததை இருப்பதாகவும், இருப்பதை இல்லாததாகவும் எத்தனையோ எழுதியிருக்கிறேன். இதற்கு எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"நெருங்கிய உறவினர் மறைவுன்னு போடட்டுமா?" என்று கேட்டேன்.

"யாருன்னு கேப்பாங்க பாய்."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

"காய்ச்சல்னு போட்டுடுங்க."

அப்படியே அடித்தேன். அவள் கையெழுத்துப் போட்டு, மடித்து எடுத்துக்கொண்டு போனாள். ஒரு நாள் வீட்டில் கிடந்துவிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போயிருக்கிறாள். தலைமை ஆசிரியர் நல்ல மனுஷர், காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாராம். "போயிருச்சுங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாளாம்.